ஆறு தசம் ஒன்பது

குழாயில் ஒட்டிய தாளில்
கிறகோரி, ஐம்பத்தெட்டு, ஆண் என்றிருந்தது.
பொறி துப்பிய எண்:
பொட்டாசியம் ஆறு தசம் ஒன்பது.
மறுபடி ஓட்டினேன். அதேதான்.
இந்த எண்ணைக் கண்டால்
தேநீரை அப்படியே வைத்துவிட்டு
தொலைபேசியை எடுக்க வேண்டும்.
ஆட்களை நான் பார்ப்பதில்லை.

அன்று பார்த்தேன். விடுதித் தொலைபேசி பழுது.
தாளைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.
அவருடைய ஈசிஜியில் அலைகள்
கூடாரம் கூடாரமாய் நின்றன,
வெசாக் வாரத்துத் தன்சல் பந்தல்கள் மாதிரி.

"வாழைப்பழமா? இளநீரா?" என்றார் டொக்டர் நிலூஃபா.
"ஒண்டும் இல்ல. நீங்க சொன்னதெல்லாம் விட்டுட்டன்."
அவர் மனைவி எமரென்சியா
கட்டிலுக்கடியில் இருந்த கூடையைக் காலால்
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

வேர். விரல் தடிப்பு, மண் கழுவிய பழுப்பு.
முனையில் ஒரு தண்டு மிச்சம்,
எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது,
முதுகு வெளுத்து,
குண்டூசித் தலையளவு இளஞ்சிவப்புப் பூ.

மூக்கிரட்டை.
உன்னை எனக்குத் தெரியும்.
வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை
கடலோரத் தண்டவாளச் சரளையில் படுத்தபடி வாழ்கிறாய்.
ஆறு நாற்பது வண்டிக்கு நான் ஓடுகையில்
சேலை ஓரத்தில் உன் பசைக் காய்களை ஏற்றி அனுப்புகிறாய்,
பயணச்சீட்டு இல்லாமல்.
வெயிலில் செத்தாய் என்றால்
ஒரு மழைக்கு வேரிலிருந்து எழும்புகிறாய்.
அதனால்தான் புனர்நவா, மீண்டும் புதியவள்.
சிங்களத்தில் பிட்டசுது பலா, முதுகு வெள்ளைக் கீரை.
வீங்கின காலை வற்ற வைப்பாய்,
சுருங்கின நீரை இறக்குவாய்,
தேங்காய்ப்பூ போட்டால் வறையாகவும் இருப்பாய்.
ஏடுகள் பொய் சொல்லவில்லை.
ஏடு எழுதினவனிடம்
கிறகோரியின் சிறுநீரகம் இருக்கவில்லை,
அவ்வளவுதான்.

உன்னிடம் நிறைந்திருக்கும் உப்பு
வெளியேற ஒரு வாசல் வேண்டும்.
அவர் வாசல் ஒருக்களித்துக் கிடக்கிறது.
போதாததற்கு, நீர் போக என்று நாங்கள் கொடுத்த வில்லையும்
பொட்டாசியத்தைக் கையைப் பிடித்து
இருத்தி வைக்கும் வகை.

டொக்டர் அப்பால் போனதும்
எமரென்சியா என்னிடம் சொன்னாள்,
என் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாததால் இருக்கலாம்.
"மூணு கிழமை, மிஸ். காலையில ஒரு கோப்பை.
கால் வத்திச்சு. சத்தியமா வத்திச்சு.
ரெண்டு மாசத்துக்குப் பிறகு சப்பாத்துப் போட்டு
ஓட்டோ எடுத்துக்கொண்டு போனவர்."
எங்கே பிடுங்கினது என்றேன்.
"ரயில் ரோட்டில. எல்லாரும் பிடுங்கிற இடம்தான்."

போன மாதம் அந்த இடத்தில்
நீலக் கலனை முதுகில் கட்டிய ஒருவன்
களைகொல்லி தெளித்துப் போனான்.
உன் இலை நுனிகள் கருகியதைப்
பெட்டி ஜன்னலால் பார்த்தேன்.
அது வேருக்கும் இறங்கியதா,
என் பொறிக்கு அளக்கத் தெரியாது.
யாரைக் குற்றம் சொல்வது?
உன்னையா, வில்லையையா, நீலக் கலனையா,
கோப்பையின் அளவையா?

அனுமதிப் படிவத்தில் மது உண்டா என்று இருக்கிறது,
புகை உண்டா, ஒவ்வாமை உண்டா.
கசாயம் உண்டா என்று இல்லை.
ஓரத்தில் பேனையால் எழுதினேன்:
மூக்கிரட்டை வேர், மூன்று கிழமை, ரயில் பாதை.
தாதி குசும் வாசிக்க முடியாமல் பார்த்தாள்.
"பிட்டசுது பலா" என்றேன்.
"அது நல்லதுதானே? எங்கட அம்மாவும் குடிக்கிறது."
"அவங்களுக்குச் சீனி இருக்கா? பிரஷருக்கு வில்லை?"
பதில் சொல்லாமல்
கைபேசியை எடுத்துக்கொண்டு
நடைபாதைக்குப் போனாள்.

இரவு ஒன்பதுக்கு அடுத்த குழாய் வந்தது.
ஐந்து தசம் நான்கு.
குளிர்ந்த தேநீரைக் குடித்து முடித்தேன்.
கால் எப்படி என்று கேட்க
அந்தத் தாளில் இடமில்லை.
நாளை தொலைபேசி திருத்திவிடுவார்கள்.
ஆனாலும் ஏறுவேன்.